நாற்பத்து மூன்று இரவல் பேர்கள்

பாதர் ஆல்பினைக் குறை சொல்ல இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் உரிமை உண்டு. அது நான். பதினோரு வருஷமாக அவருக்குப் பொங்கிப் போடுகிறவள். சோற்றைப் போட்டுக் கூப்பிட்டால் வரமாட்டார், ஆறி விறைத்த பிறகு வந்து நின்று, "ரீத்தா, இன்னிக்கு சமைக்கலியா?" என்பார். போர்வை வாங்கிக் கொடுத்தால் ஒரே மாதத்தில் அது வேறு யார் வீட்டுக் கொடியிலாவது காயும். ஹார்மோனியத்தில் கை வைத்துப் பாட ஆரம்பித்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். கோயிலுக்குள் மாடு நுழைந்தாலும் திறக்கமாட்டார். ஒரு தடவை நுழைந்தும் இருக்கிறது. நான்தான் ஓட்டினேன்.

எங்கள் மிஷன் இருப்பது நாவல்பாடியில். வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம். மழைக்காலத்தில் எவ்வளவு நேரம் என்று மழையைத்தான் கேட்க வேண்டும். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில், மருந்து கொடுக்க ஒரு அறை, பிள்ளைகள் சாயங்காலம் படிக்க ஒரு கூடம், பாதருக்கு ஒரு அறை, எனக்கு ஒரு அடுக்களை. இவ்வளவுதான் மிஷன். ஊரில் முப்பது வீடு. எல்லாரும் மலைக்காரர்கள், சாமை விதைக்கிறவர்கள், அவரவர் சாமியைக் கும்பிடுகிறவர்கள். மணலூர்பேட்டையிலிருந்து வந்த நான் ஒருத்திதான் கிறிஸ்தவச்சி. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதர் பீடத்தில் நிற்பார், நான் கீழே முழங்காலில் நிற்பேன், சுவரில் பல்லி இருக்கும். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று அவர் கையை விரித்துச் சொன்னால் எனக்கும் பல்லிக்குமாகத்தான் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

பாதர் அந்த ஊரில் ஒருவரையும் மதம் மாறச் சொன்னது கிடையாது. சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் படிப்பை விடப் பார்க்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் படியேறுவார். பிரசவ வலி என்றால் ஜீப்பை எடுப்பார். ஜீப் போகாத இடமென்றால் டோலிக்குத் தோள் கொடுப்பார். டோலி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கம்பளியை மூங்கிலில் தூளி மாதிரி கட்டி நோயாளியைத் தூக்கிக்கொண்டு மலையிறங்குவது. கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்த வருஷம், கீழே போய்ப் பதினைந்து நாள் சாவு வீடு சாவு வீடாக இருந்துவிட்டுப் பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை, கூட உட்கார்ந்திருந்தேன் என்றார். அன்றைக்குத்தான் சூடாகச் சாப்பிட்டார்.

போன நவம்பர் மாதம், முதல் சனிக்கிழமை கடிதம் வந்தது. பாதருடைய துறவற சபையின் மாநிலத் தலைவர், பாதர் அறிவுச்செல்வன், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நாவல்பாடிக்கு வருகிறார். சபையில் ஆள் குறைந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டில் குருக்கள் வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு ஞானஸ்நானக் கணக்குகூட வராத இடத்தில் ஒரு குருவை வைத்திருப்பது சரிதானா என்று நேரில் பார்த்து முடிவு செய்வாராம். இதைப் பாதர் அடுக்களை வாசலில் நின்று, நாளைக்கு மழை வரும் என்பதைப்போலச் சொன்னார்.

"ஆப்பிரிக்காவுல ஒங்களுக்கு ஆறிப்போன சோத்த எவ சூடு பண்ணித் தருவா?" என்று கேட்டேன்.

"நாங்க சபைக்காரங்க ரீத்தா. போன்னா போவணும்" என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்துத் தூசி தட்டினார். புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் இருந்த ரசம் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. பாதர் போனால் ஜீப்பும் போகும், மருந்து அறையைப் பூட்டுவார்கள், கூடத்தில் ஆடு கட்டுவார்கள். நான் மணலூர்பேட்டைக்குப் போய் அண்ணன் மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதைவிட உண்மை, அந்த மனுஷர் இல்லாத நாவல்பாடியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் வார்த்தைப்பாடு கொடுத்த துறவி, கீழ்ப்படிவார். நான் யாருக்கும் ஒரு வார்த்தைப்பாடும் கொடுக்கவில்லை. ஆகவே அன்றைக்குச் சாயங்காலமே வேலையைத் தொடங்கினேன்.

முதலில் போனது ஆதிமூலத்தின் வீட்டுக்கு. என்னைவிட இரண்டு மூன்று வயசு இளையவன், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். ஊரில் டோலி தூக்க வேண்டுமென்றால் முதல் தோள் அவனுடையது. அவன் சொன்னால் நாலு வீடு கேட்கும். நான் என் யோசனையைச் சொன்னேன். பெரிய பாதர் வருகிற அன்றைக்குக் கோயில் நிறைய ஆள் இருக்க வேண்டும், எல்லாரும் கிறிஸ்தவர்கள் மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, பாதருக்குப் பொய் சொன்னால் பிடிக்காதே என்றான். பொய் சொல்லப் போகிறது நான், நீ சும்மா வந்து நின்றால் போதும் என்று அவன் வாயை அடைத்தேன்.

நாற்பத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவராவது மறுக்க வேண்டுமே, இல்லை. கிறிஸ்தவப் பேர் வேண்டுமே என்று, எனக்குத் தெரிந்த என் சொந்தக்காரர்கள் பேரையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். ராமசாமி என் பெரியப்பா சவரிமுத்து ஆனார். பெரியம்மாளுக்கு என் அத்தை மதலேன் பேர். செத்தவர்கள், இருக்கிறவர்கள், பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்று அத்தனை பேரையும் ஒரே வாரத்தில் மலையேற்றினேன். ஆதிமூலத்துக்கு மட்டும் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது, வியாகுலம் என்று.

வியாகுலம் என் வீட்டுக்காரர். மிஷன் ஜீப்பை ஓட்டியவர். அவர் வேலைக்கு வந்ததால்தான் நானும் இந்த மலைக்கு வந்தேன். ஐந்து வருஷத்துக்கு முன் அடைமழையில் ரோடு இடிந்து கிடந்தபோது நெஞ்சு வலி வந்தது. பாதர் ஊரில் இல்லை. ஆதிமூலமும் இன்னும் மூன்று பேரும் டோலியில் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் வெள்ளிமலைக்கு ஓடினார்கள், நான் பின்னால் ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி வைத்தபோது உயிர் போய்விட்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேரை வருஷத்துக்கு ஒரு தடவை பூசையில் பாதர் வாயால் கேட்பதோடு சரி. உயிரோடு இருக்கிற ஒரு ஆளைப் பார்த்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்போல இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகத்தான் கொடுத்தேன்.

சாமை அடிக்கிற களத்தில் பாடம் நடந்தது. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று சிலுவை அடையாளம் போடக் கற்றுக் கொடுத்தேன். எப்போது முழங்காலில் நிற்பது, எப்போது ஆமென் சொல்வது, எல்லாம் சொன்னேன். பெரிய பாதர் பேர் கூப்பிட்டுச் சரிபார்த்தாலும் பார்ப்பார் என்று பயந்து, பேரைக் கேட்டதும் எழுந்து நின்று "இருக்கேங்க சாமி" என்று சொல்லப் பழக்கினேன். ஆதிமூலம் எழுந்து நின்று துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதைச் சொல்கிற அழகுக்காகவே அவனை மூன்று தடவை கூப்பிட்டேன். பாதருக்கு ஒன்றும் தெரியாது. வழியில் பெண்கள் நெற்றியிலும் நெஞ்சிலும் கை வைத்துப் பார்த்துக்கொண்டு போனதைக் கண்டு, காய்ச்சல் பரவுகிறதோ என்று எல்லாருக்கும் மாத்திரை கொடுத்தார். வாங்கித் தின்றுவிட்டார்கள் பாவம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய பாதர் வந்து இறங்கினார். அறுபது வயசிருக்கும், கனத்த உடம்பு, அதிகம் பேசாத ஆள். கோயில் வாசலில் கழற்றிக் கிடந்த செருப்புகளை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். நாற்பத்து மூன்று பேரும் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்துத் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதர் ஆல்பினுக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. தன்னை வழியனுப்பத்தான் எல்லாரும் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். அப்போதே எனக்குத் தப்பு செய்கிறோம் என்று பட்டது, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் இடத்தில் போய் நின்றேன்.

பெரிய பாதர்தான் பூசை வைத்தார். பாடுவதற்கு வேறு ஆள் இல்லாததால் பாதர் மூலையில் ஹார்மோனியத்தோடு உட்கார்ந்தார். எல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தது. ஒரே சமயத்தில் எழுந்தார்கள், ஒரே சமயத்தில் முழங்கால் போட்டார்கள். ராமசாமி மட்டும் தேவையில்லாத இடத்தில் இரண்டு ஆமென் கூடுதலாகச் சொன்னார். பெரிய பாதர் முகம் மலர்ந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு குதி.

பிறகு நன்மை கொடுக்கிற நேரம், ஆண்டவரே அப்பமாக வருகிறார் என்று நாங்கள் கையில் வாங்கி உண்கிற நேரம், வந்தது. பெரிய பாதர் நற்கருணைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பீடத்திலிருந்து இறங்கினார். பாதர் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தார். நாற்பத்து மூன்று பேரும் எழுந்து வரிசையில் வந்து நின்றார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தவள் இதைச் சொல்ல மறந்துவிட்டேன். எனக்கு ஏழு வயசிலிருந்து பழக்கம். ஞானஸ்நானம் வாங்காதவர்கள் நன்மை வாங்கக் கூடாது என்பதை ஒருத்தருக்குச் சொல்லித் தர வேண்டும் என்றே தோன்றவில்லை. அவர்களுக்கோ, சாமி முன்னால் எது பங்கிட்டாலும் வந்தவர்கள் அத்தனை பேரும் கை நீட்டி வாங்கியாக வேண்டும். கைக்குழந்தைக்குக்கூட நாக்கில் தடவுவார்கள். வாங்காமல் போனால் கொடுத்தவனுக்கு அவமானம், கொடுக்காமல் விட்டால் வந்தவனுக்கு அவமானம். நாவல்பாடியில் அதுதான் வழக்கம்.

முதல் ஆளாக ஆதிமூலம் நின்றான். இரண்டு கையையும் சேர்த்து, குனிந்து நீட்டினான். பெரிய பாதர் அப்பத்தை எடுத்துவிட்டார். பாதருக்குத் தெரியும் இவர்கள் யாரென்று, ஆனால் அந்த மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருக்கிறார். தெரிந்தவள் நான் ஒருத்தி. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பாதர் எங்களோடு இருப்பார். ஒரே ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும். நான் சும்மா இருக்கத்தான் பார்த்தேன், ஆண்டவர் சாட்சி. முடியவில்லை.

"குடுக்காதீங்க சாமி" என்று கத்திவிட்டேன். ஓடிப்போய் ஆதிமூலத்தின் கை மேல் என் கையை வைத்து மூடினேன். "இவுங்க யாரும் ஞானஸ்நானம் வாங்கல. நான்தான் பொய்யா கூட்டியாந்தேன். பாதர நீங்க இட்டுக்கினு போயிடுவீங்கன்னு."

ஹார்மோனியம் நின்றது. பெரிய பாதர் அப்பத்தைக் கிண்ணத்தில் திரும்ப வைத்தார். ஆதிமூலம் என் கைக்குக் கீழே இருந்த தன் கையை மெதுவாக உருவிக்கொண்டு அதைத் திருப்பிப் பார்த்தான்.

"எங்க கையில குடுக்கக் கூடாதாக்கா?" என்றான்.

அதைக் கேட்டதற்கு நான் செத்துப் போயிருக்கலாம். மலைக்காரனென்று எத்தனை ஓட்டலில், எத்தனை ஆபீஸில் அந்தக் கையைத் தள்ளி வைத்திருப்பார்கள். நானும் தள்ளிவிட்டேன். பாதர் ஆல்பின் மூலையிலிருந்து எழுந்து வந்து, அவன் இரண்டு கையையும் தன் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஒன் கையில இன்னா கொற ஆதிமூலம்? எத்தினி பேர தூக்கின கை. இது சத்தியம் பண்ணிக் குடுத்தவங்க வாங்கறது. நீங்க பண்ணல. பண்ணுங்கன்னு நானும் ஒங்கள கேக்கல. அவ்ளோதான்."

ஆதிமூலம் யோசித்தான். சத்தியம் பண்ணாமல் வாங்குவது தப்புதான் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான். பின்னால் நின்ற நாற்பத்து இரண்டு பேரும் அவனைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு நன்மை வாங்க வேண்டியவள் நான் ஒருத்தி; நானும் வாங்கவில்லை. பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டு எப்படி வாங்குவது?

பெரிய பாதர் பூசையை முடித்துவிட்டு, அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவர் வருகிறார் என்று ஊருக்கே ஒரு அண்டா சாமைப் பொங்கல் வைத்திருந்தேன். அதைக் கோயில் வாசலுக்குக் கொண்டு வரச் சொல்லி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தானே கரண்டியைப் பிடித்து நின்றார். ஒவ்வொருவரும் இலையை நீட்டும்போது பேர் என்ன என்று கேட்டார். என் குட்டு உடைந்தது அவர்களுக்குப் புரியவில்லையா, இல்லை புரிந்தும் எனக்காகச் சொன்னார்களா தெரியாது, அத்தனை பேரும் நான் கொடுத்த பேரையே சொன்னார்கள். சவரிமுத்து, அந்தோணிக்கண்ணு, லூர்து என்று வரிசையாக வந்தது. பெரியம்மாள் மட்டும் இலையோடு நின்று, என் பக்கம் திரும்பி, "எனக்கு இன்னா பேருடி வெச்ச?" என்று கேட்டாள். பெரிய பாதர் தோள் குலுங்கியது. சிரித்தாரா என்று பார்ப்பதற்குள் குனிந்துகொண்டார். ஆதிமூலம் வந்து, "வியாகுலம்ங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனான்.

பிறகு அடுக்களைக்கு வந்தார். விறகுக் கட்டு மேலேயே உட்கார்ந்துகொண்டு, செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறாயா என்று கேட்டார். நான் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ரசம் பொங்கியதிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு, கத்தாமல் இருந்திருந்தால் நீ நினைத்தது நடந்திருக்குமே, ஏன் கத்தினாய் என்றார்.

"ஒங்களாண்ட பொய் சொல்லிட்டேன் சாமி. அதுக்கு எனக்கு அவ்ளோ வருத்தம்கூட இல்ல. ஆனா கையில ஆண்டவர வெச்சிக்கினு நின்னீங்களே. அவராண்ட சொல்ல முடியல."

அவர் அணைய இருந்த அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். பிறகு பாவத்துக்குப் பரிகாரமாக அபராதம் கொடுத்தார். ஜெபமாலை சொல்லச் சொல்வார் என்றிருந்தேன். அது இல்லை. நாலு மணிக்கு நான் கிளம்புகிறேன், அதற்குள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு, கொடுத்த பேர் அத்தனையையும் திரும்ப வாங்கிக்கொண்டு வா என்றார். பாதர் போகிறாரா இருக்கிறாரா என்று கேட்டேன். முதலில் அபராதத்தை முடி என்றார்.

கிளம்பினேன். இதைவிட ஆயிரம் ஜெபமாலை மேல். ஒவ்வொரு வாசலிலும் நின்று, நான் பொய்க்காரி, கோயிலில் உங்களை அவமானப்படுத்திவிட்டேன், அந்தப் பேரைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். ராமசாமிக்குச் சவரிமுத்து என்ற பேர் பிடித்துப் போயிருந்தது, இரண்டு நாள் வைத்துக்கொண்டு தருகிறேன் என்றார், கெஞ்சித்தான் வாங்கினேன். பெரியம்மாள், "எடுத்துக்கினு போடி, அது என் வாயிலயே நொழையல" என்று சொல்லி, வெறுங்கையோடு போகாதே என்று மடியில் ஒரு படி சாமை கொட்டினாள். யாரும் கோபிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்று. பாதர் போய்விடுவாரா? தெரியாது என்று போன வாசலில் எல்லாம் சொன்னேன்.

கடைசியில் ஆதிமூலம் வீடு. வாசலில் டோலிக் கம்பளியை வெயிலில் உதறிக்கொண்டிருந்தான். காலையில் கையை மூடித் தடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அது போகட்டும் என்றான். பேரைக் கேட்டேன்.

"அத்த மட்டும் கேக்காதக்கா" என்றான்.

ஏன் என்றேன். கம்பளியை மடித்து வைத்துவிட்டு, ஐந்து வருஷமாகச் சொல்லாததைச் சொன்னான். என் வீட்டுக்காரருக்கு உயிர் போனது ஆஸ்பத்திரி வாசலில் இல்லை. பாதி வழியில், ஓடையைத் தாண்டியதுமே போய்விட்டது. அதற்குக் கொஞ்ச முன்னால் கம்பளிக்குள்ளிருந்து அவனைக் கூப்பிட்டிருக்கிறார்.

"'நிக்காதடா, நின்னா ரீத்தா பயந்துக்கும்'னாரு. அதான் கடசி. உசுரு போனது என் தோளுக்குத் தெரிஞ்சிச்சி. மத்த மூணு பேருக்கும் கண்ணக் காட்டிட்டு அதே ஓட்டம் ஓடினேன். நீ பின்னால மாதாவே மாதாவேன்னு வந்துக்கினு இருந்த. எறக்கி வெச்சா அந்தக் காட்டுல ஒன்ன யாரு புடிக்கறது? அவரு போன பெறவும் அவர நான் தூக்கினேன்க்கா. இந்தப் பேரு எங்கிட்டயே இருக்கட்டும். எறக்கி வெக்கச் சொல்லாத."

நான் அவன் வாசலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அவன் என் கூடவே உட்கார்ந்திருந்தான். பாதர் கருணாபுரத்தில் பதினைந்து நாள் என்ன செய்திருப்பார் என்று எனக்கு அப்போது விளங்கியது.

நாலு மணிக்குத் திரும்பியபோது பெரிய பாதர் தான் வந்த ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் பாதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்பத்து இரண்டு பேரைத் திரும்ப வாங்கிவிட்டேன் சாமி, ஒன்றை வாங்க முடியவில்லை, வேறு அபராதம் கொடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். ஆதிமூலம் சொன்னதை அப்படியே சொன்னேன். பெரிய பாதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

"அது அவர்கிட்டயே இருக்கட்டும்மா" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆல்பின் பதினோரு வருஷத்துல ஒருத்தரையும் கிறிஸ்தவராக்கல. நீ எட்டே நாள்ல நாப்பத்து மூணு பேரை ஆக்கிட்ட. மலாவிக்கு உன்னைத்தான் அனுப்பணும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் பாதர் பக்கம் திரும்பினார். "பெட்டியைப் பிரிச்சிடு ஆல்பின். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா இவங்க எல்லாரும் எப்பவோ பேர் மாத்திக்கிட்டிருப்பாங்க. கேட்காமயே பதினோரு வருஷம் இருந்திருக்க. நீ இங்கேயே இரு."

ஜீப் வளைவு திரும்புகிற வரை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு பாதர் என்னோடு மூன்று நாள் பேசவில்லை. அவ்வளவு கோபம். கூப்பிட்டதும் வந்து, சூடாக, கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். நான் பயந்து அடுக்களைக்குள்ளேயே கிடந்தேன். நாலாம் நாள் வழக்கம்போல ஆறிய பிறகு வந்து, "ரீத்தா, இன்னிக்கு சமைக்கலியா?" என்று கேட்டார். அப்பாடா என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு பூசையில் பழையபடி பாதர், நான், பல்லி. நவம்பர் மாதம் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்கிற மாதம். ஒவ்வொரு வருஷமும் என் வீட்டில் இறந்தவர்கள் பேரை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன், பாதர் பீடத்திலிருந்து வாசிப்பார். பாதிப் பூசையில் கதவு கிறீச்சிட்டது. யாரோ உள்ளே வந்து கடைசியில் உட்கார்ந்தார்கள். பூசை நடுவில் திரும்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை.

பாதர் தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். "இறந்துபோன எங்கள் சகோதர சகோதரிகள் சவரிமுத்து, மதலேன்," என்று நிதானமாகப் போய், "வியாகுலம்" என்றார்.

பின்னால் ஒரு ஆள் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"இருக்கேங்க சாமி."

பாதர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். துண்டு கக்கத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும், பார்க்க வேண்டிய அவசியமில்லை. எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது, பார்த்தாலும் தெரிந்திருக்காது. பாதர் மறுபடி தாளுக்குக் குனிந்து, அடுத்த பேரை வாசித்தார்.